பூவாயி வீட்டின் இரண்டு தரைகள்

ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடை என்ற ஊரில் பூவாயி கட்டிய வீட்டைப் பார்க்க வந்த யாரும் சும்மா திரும்பிப் போனதில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை, இரண்டே அறைகள். காலமெல்லாம் எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருந்து காப்பிப் பழம் பறித்தவள், புருஷன் மாதப்பன் வேலையை விட்டு நிற்பதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டியது. கிடைத்ததோ சரிவான துண்டு நிலம். பின்னறைக்கு மலையை வெட்டிச் சமன் செய்து மண்மேலேயே தரை போட்டார்கள். முன்னறைக்கு அடியில் சமநிலமே இல்லை என்பதால் தூண் எழுப்பி அதன்மேல் தளம் போட்டார்கள். ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு விதமான கடைக்கால். மார்கழியில் முன்னறைக்கு அடியில் காற்று புகுந்து தரை சில்லிட்டுப் போகும். மழை பெய்தால் பின்னறைத் தரை வேர்க்கும். பூவாயி இதையெல்லாம் சட்டை செய்யவே இல்லை, சேலத்திலிருந்து மகள் போன் செய்யும் வரைக்கும்.

மகள் காமாட்சிக்குத் தலைப்பிரசவம். முதல் பிள்ளை என்றால் பெண்ணைத் தாய்வீட்டுக்குத்தான் அழைத்து வர வேண்டும். கார்த்திகையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, மகளைக் கையோடு மலைக்குக் கூட்டி வருவது என்று பூவாயி முடிவு செய்து வைத்திருந்தாள். ஆடியில் காமாட்சி போனில் இழுத்தாள்.

"அம்மா, அத்தை என்னமோ சொல்லுதும்மா. சேர்வராயன் கோயில் நோம்பிக்கு வந்தப்ப பின்னறையில படுத்துச்சில்ல, காலையில பாய்க்கு அடியில ஒரே ஈரமாம். ஓதமடிக்கிற ஊட்டுல பச்சப்புள்ளைய எப்புடிப் போடுறதுன்னு..."

பூவாயிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "ஏங்கண்ணு, வந்தப்ப வாயத் தொறக்காம, நல்லாத் தின்னுபோட்டுப் போயி அங்க உக்காந்துட்டு என் ஊட்டுத் தரையப் பேசுறாங்களா? பேசட்டும். காத்திகைக்குள்ள அந்தத் தரையக் காய வெச்சுக் காட்டறேன் பாரு!"

மறுநாளே கொத்தனார் தேவசிகாமணியை வரவழைத்தாள். அவர் அடிவாரத்துக்காரர், கீழே வீடு கட்டியே பழகியவர். அவருக்குத் தெரிந்த ஒரே எதிரி வெயில்.

"கூரை மேல வெள்ளை டைல்ஸ் ஒட்டிப்போட்டா ஊடு நொம்பக் குளுகுளுன்னு இருக்குமுங்க."

"ஏனுங்க கொத்தனாரே, நான் தரையக் கேட்டா நீங்க கூரையச் சொல்றீங்களே! குளுந்து போயித்தான உங்களக் கூப்பிட்டதே?"

ஏற்காட்டில் ஹார்டுவேர் கடைக்காரர் அதற்கு மேல். எந்த வீடு, எந்த அறை என்று ஒரு வார்த்தை கேட்காமல் தெர்மாகோல் அட்டையை எடுத்து நீட்டினார். மாதப்பனோ, "கட்டில் ஒண்ணு வாங்கிப் போட்டா ஆச்சு. புள்ள என்ன தரையிலயா படுக்கப் போவுது?" என்று பீடியைப் பற்றவைத்தான். அவள் முறைத்த முறைப்பில் பீடி அணைந்தே போயிருக்கும்.

கடைசியில் பூவாயி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். எஸ்டேட் கிடங்கில் காப்பி மூட்டைகளுக்கு அடியில், காப்பிப் பழத்திலிருந்து உரித்துக் காயவைத்த தொலியை மெத்தை போலப் பரப்பி வைப்பார்கள். மூட்டையில் பொட்டு ஈரம் ஏறாது. மூட்டைக்கு ஆகிற தொலி வீட்டுக்கு ஆகாதா? தொலி மலைபோல் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொள்ள ஆளில்லை. அந்தக் கிடங்குக்கு மரத்தளம், அதன் அடியில் காற்று ஓடுகிறது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து காப்பியோடு கிடக்கும் ஒருத்திக்குத்தான் தொலியின் மேல் இவ்வளவு நம்பிக்கை வரும்.

"முன்னறைக்குச் சரிங்க, மண்ணுமேல தொலி வேண்டாமுங்க" என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார்.

"முன்னறைக்கு ஒரு நியாயம், பின்னறைக்கு ஒரு நியாயமா? ரெண்டுக்கும் போடுங்க."

போட்டார். முன்னறைத் தளத்துக்கு அடியில் மூங்கில் தட்டி கட்டி, தொலி அடைத்த சாக்குகளை நெருக்கி அடுக்கினார். பின்னறைத் தரையைப் பெயர்த்து, வெறும் மண்மேல் தொலியைக் கொட்டி, மேலே சிமெண்டு பூசினார்.

ஐப்பசி மழை பிடித்தது. முன்னறைத் தரை வெதுவெதுப்பாக இருந்தது, பூனை அங்கிருந்து நகர மறுத்தது. பின்னறையிலோ தொலி மண்ணின் ஈரத்தையெல்லாம் குடித்து ஊதிப் புளித்தது. தரை நடுவில் வெடித்து மேடு கட்டியது. வெடிப்பிலிருந்து அழுகின பழவாடை குப்பென்று வந்தது. பக்கத்து வீட்டு அருக்காணி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏம் பூவாயி, ஊட்டுக்குள்ள சாராயம் கீராயம் காச்சுறியா?"

தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டால் பூவாயிக்குக் கோபம் இரட்டிப்பாகும். கொத்தனாரைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், கடப்பாரையை எடுத்துத் தரையை உடைத்தாள். அழுகிய தொலியைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள், ஒவ்வொரு கூடைக்கும் சம்பந்திக்கு ஒரு வசவு. மாதப்பன் வாய் பேசாமல் கூடை தூக்கிவிட்டான், அந்த மட்டில் புத்திசாலி.

இந்த முறை தேவசிகாமணி சொன்னபடியே நடந்தது. "தூணுமேல நிக்கிற ஊட்டுக்குக் காத்தத் தடுத்தாப் போதுமுங்க. மண்ணுமேல குந்தியிருக்கிற ஊட்டுக்கு மொதல்ல தண்ணிய வெளியவே மறிக்கோணும்." வீட்டுக்குப் பின்னால் மலைநீர் ஓடிவிடக் கால்வாய் வெட்டினார். உள்ளே ஜல்லி நிரப்பி, கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவர் ஓரம் வரைக்கும் ஏற்றி விரித்து, அதன்மேல் தெர்மாகோல் அடுக்கி, கான்கிரீட் போட்டார். கடைக்காரரிடம் போய் அதே அட்டையை வாங்கும்போது பூவாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. கொட்டுகிற மழையிலும் பின்னறைத் தரை காய்ந்து கிடந்தது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள், ஈரமே இல்லை. கட்டுச்சோற்றுக்கு நாள் குறிக்கும் சாக்கில் சம்பந்தி பழனியம்மாளை மலைக்கு வரவழைத்தாள். வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

"செருப்பக் கழட்டிப்போட்டு நல்லா மிதிச்சுப் பாருங்க சம்பந்தி. வேர்க்குதுங்களா?"

பழனியம்மாள் விழித்தார். "எதுக்குங்க வேர்க்கோணும்?"

"நீங்கதானுங்க சொல்லியுட்டீங்க? ஓதமடிக்கிற ஊட்டுக்குப் புள்ளைய அனுப்ப மாட்டேன்னு?"

"நானுங்களா? நான் எப்பங்க சொன்னேன்? நோம்பிக்கு வந்தப்ப அலுப்புல அடிச்சுப் போட்டாப்பல தூங்குனேன். பாயி நனைஞ்சுதா காஞ்சுதான்னே எனக்குத் தெரியாதுங்களே."

பூவாயி அங்கேயே நின்றபடி மகளுக்குப் போன் போட்டாள். "ஏண்டி, தரைய ரெண்டு தரம் ஒடைச்சேன். கையெல்லாம் கொப்புளம். உங்கத்தை அப்புடிச் சொல்லவே இல்லையாமே!"

காமாட்சி மெல்லச் சொன்னாள்.

"நாந்தாம்மா சொன்னேன். எனக்கு அங்க வரப் பயமா இருக்கு. வலி எடுத்தா அந்த வளைவுல எல்லாம் இறங்கோணும். தம்பிய நான் பாத்தனில்ல?"

காமாட்சி சிறு பெண்ணாக இருந்தபோது, இரண்டாவது பிரசவத்துக்குப் பூவாயியை எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினார்கள். பையன் வழியிலேயே, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பிறந்தான். அடிவாரம் போய்ச் சேரும்போது அவன் உயிரோடு இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் காமாட்சியையும் முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"அத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றாள் பூவாயி.

"சொன்னா நீ அழுவம்மா. தரையச் சொன்னா கோவப்படுவ. நீ கோவமா இருந்தாத்தான் எனக்குத் தைரியமா இருக்கும்."

பூவாயி போனை மாதப்பனிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என்னவோ ஏதோ என்று பழனியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண் கொடுத்த வீட்டில் போய் ஓரிரவு தங்குவதையே இழுக்காக நினைக்கிறவள் பூவாயி. இப்போது பழனியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சம்பந்தி, புள்ள பொறக்குற வரைக்கும் உங்க ஊட்டுல எனக்கொரு பாய் போடுவீங்களா?"