வயிற்று வலியும் தேசப் பாதுகாப்பும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன். தங்கை மல்லிகா போன் அடித்தாள்.

"அண்ணே, பொய் சொன்னா மிசின் கண்டுபிடிச்சிருமா?"

காலங்காத்தாலே கேட்கிற கேள்வியா இது?

மல்லிகா ஜெலாப்பாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே செய்கிற சர்க்கியூட் போர்டுகளில் ஒரு வகை, ராணுவ ரேடியோவுக்குள் போகுமாம். அதில் ஒரு டிரே காணோம். உடனே ஒரு பெரிய வார்த்தை வந்து இறங்கிவிட்டது — தேசப் பாதுகாப்பு! கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆள், பொய் கண்டுபிடிக்கும் மெஷினோடு வருகிறாராம். வியாழக்கிழமை டெஸ்ட். 'நானாக விரும்பி' என்று எழுதிய சம்மதக் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடலன்னா?"

"கட்டாயம் இல்லலா. ஆனா தப்பு செய்யாதவங்களுக்கு ஏன் பயம்னு எச்.ஆர்.ல கேக்கறாங்க அண்ணே."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வக்கீல் நண்பனுக்குப் போன் போட்டேன். இப்படி டெஸ்ட் வைக்கலாம் என்றோ கூடாது என்றோ தெளிவாகச் சொல்கிற தனிச் சட்டம் எதுவும் இங்கே தன் கண்ணில் பட்டதில்லை என்றான். அமெரிக்காவில் தனியார் முதலாளிகளுக்குப் பெரும்பாலும் தடை உண்டாம். அரசாங்கத்துக்கும் ராணுவம் சார்ந்த சில வேலைகளுக்கும் மட்டும் விலக்கு. பார்த்தீர்களா... அந்தப் பெரிய வார்த்தைக்கு அங்கேயும் கதவு திறக்கிறது!

"வேணாம்னு சொல்லலாம் மச்சான். அப்புறம் வேற ஏதாச்சும் காரணம் காட்டி வேலையிலேர்ந்து நிப்பாட்டிருவாங்க" என்றான்.

மல்லிகாவின் கணவர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். அவள் வேலையில்தான் குடும்பம் ஓடுகிறது. ஃபேக்டரியிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட எடுத்து வந்தவள் இல்லை. அப்புறம் என்ன?

"கையெழுத்துப் போடு. கேட்டதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிரு. முடிஞ்சது" என்றேன்.

மேதாவி அண்ணன்!

வியாழக்கிழமை பிற்பகல் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே காரில் காத்திருந்தேன். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். இறங்கி நடந்தேன், மறுபடி ஏறினேன். காவலாளி என்னைத்தான் திருடனைப் போலப் பார்த்தார். நாலு மணிக்கு வெளியே வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

வயரை மாட்டுவதற்கு முன்பே அந்த ஆள் சாவகாசமாகக் கேட்டிருக்கிறார் — கம்பெனியிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா? மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் மெஷின் ஒழுங்காக ஓடுமாம்.

இவள் சொல்லிவிட்டாள்.

போன வருடம் மாமியார் இறந்தபோது கம்பெனி லீவு கொடுத்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு? அப்படி ஒரு லீவு எந்தப் படிவத்திலும் கிடையாது. மூத்த மருமகள் போகாமல் இருக்க முடியுமா? வயிற்று வலி என்று கிளினிக்கில் எம்.சி., அதாவது மருத்துவ லீவுச் சீட்டு, வாங்கிக்கொண்டு மாமியார் ஊரான சித்தியவானுக்கு பஸ் ஏறினாள். நம்மில் யார் செய்யாதது? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

திங்கட்கிழமை டிரே கிடைத்துவிட்டது. ஸ்டோரிலேயே, லேபிள் மாற்றி ஒட்டிய ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததாம். திருட்டே நடக்கவில்லை. தேசம் பிழைத்தது.

அதே திங்கட்கிழமை மல்லிகா கையில் ஒரு கடிதம். பொய் எம்.சி. எடுத்ததற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது? மூன்று நாளில் பதில் தரவும்.

அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"என் லைன்ல பாதிப் பேரு அதே மாதிரி எம்.சி. எடுத்தவங்கதான். 'இல்ல'ன்னு சொல்லிட்டு ஜம்முனு வந்துட்டாங்க. அவங்களுக்கு மிசின் ஒண்ணும் கத்தல. நீங்கதானே அண்ணே உண்மையைச் சொல்லச் சொன்னீங்க?"

வெட்கமாக இருந்தது. பொய் சொல்லிப் பழகாதவர்கள்தான் இந்த மெஷினிடம் முதலில் மாட்டுகிறார்கள் போலிருக்கிறது.

இரண்டு நாளாக அவளுடைய பதில் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். நேற்று ஒருவழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முடிவு இன்னும் தெரியவில்லை. போன் அடித்தாலே எனக்குத் திடுக்கென்கிறது.

இந்த வாரப் பத்தி தாமதமானது அதனால்தான். பத்திரிகை ஆசிரியர் காரணம் கேட்டார்.

வயிற்று வலி என்று சொல்லியிருக்கிறேன்.