சருகு கூட்டியவள் விற்ற வீடு

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்த அந்த வீட்டை எல்லோரும் 'தாண்டவராயன் தோட்டம்' என்றுதான் சொன்னார்கள். தாண்டவராயன் செத்துப்போன பிறகும் அப்படித்தான். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி தையல்நாயகிக்கு வாயில் புளித்த மோரை ஊற்றியதுபோல இருக்கும். மனை அவள் பெயரில் இருந்தது. ஓமந்தூர் பக்கம் அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்த, வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லையை விற்றுத்தான் அதை வாங்கினார்கள். மரங்களை நட்டுத் தண்ணீர் கட்டியவள் அவள். சருகு கூட்டியவளும் அவள்தான். மா, பலா, வேம்பு என்று ஒன்று மாற்றி ஒன்று உதிர்ந்துகொண்டே இருக்கும். கூட்டி முடித்து இடுப்பை நிமிர்த்தித் திரும்பினால், முதலில் கூட்டிய இடத்தில் மறுபடி விழுந்து கிடக்கும்.

தாண்டவராயன் கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் அவர் பார்த்த வேலை, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது. கைத்தடியை நீட்டி, "இது பங்கனபள்ளி. அது இமாம்பசந்து. எல்லாம் நான் வச்சது" என்பார். ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நிற்கச் சொன்னார். தாண்டவராயன் குழாயைப் பிடித்துக்கொண்டு அழகாக நின்றார். தண்ணீரை எங்கே திறப்பது என்றுதான் தெரியவில்லை. தையல்நாயகி போய்த் திறந்துவிட்டு, படத்தில் விழாதபடி கிணற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்தார் அவருக்குப் 'பசுமைச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையைத் துவைத்ததும் அவள்தான்.

காரியம் முடிந்த மறுவாரமே தரகர் துரைக்கண்ணுவுக்குப் போன் செய்தாள். வீட்டை விற்றுவிட்டு விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பக்கமாக, மாடியில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்றாள். கீழே மண் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை.

துரைக்கண்ணு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். அவன் முகம் தீபாவளி போல இருந்தது.

"இப்பல்லாம் மெட்ராஸ்காரங்க வீட்டப் பாக்கறதில்லமா. மரத்தத்தான் பாக்கறாங்க. தோட்டம் வச்ச வீடுன்னா அடிச்சிக்கினு வர்றாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும். அவங்க பாக்கறப்ப ஒரு மரத்தத் தொட்டுக்கினு, கொஞ்சம் கண்ணக் கசக்கிக்கினு நில்லுங்க. மனசில்லாம விக்கறாங்கன்னு தெரிஞ்சா ரேட்டு தானா ஏறும்."

"அழுவறதுக்குத் தனியா கமிஷன் குடுப்பியா?" என்று கேட்டாள் தையல்நாயகி. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வந்தவர்களை அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிலர் காரிலிருந்து இறங்கியதும் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள், அதுவரை மூச்சே விடாதவர்கள் மாதிரி. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றார். அது உடம்புக்கு நல்லதாம். அவர் நின்ற இடத்தில் காலையில்தான் பூனை மண்ணைக் கிளறி மூடியிருந்தது. அவள் சொல்லவில்லை.

அப்படி வந்தவர்களில்தான் இனியவனும் அருணாவும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, நாற்பதை ஒட்டிய வயது. அருணா நேராகப் போய்ப் பலாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கணவன் போனில் படம் எடுத்தான். படம் சரியாக வரும்வரை அவள் கட்டிப்பிடித்தபடியே இருந்தாள். பிறகுதான் எறும்பு கடித்தது.

"அதுல எறும்பு இருக்குது," என்றாள் தையல்நாயகி.

இனியவன் பக்கத்தில் வந்து, கோயிலில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினான். "எப்படிம்மா இத விட்டுட்டுப் போக மனசு வருது உங்களுக்கு?"

அவள் உள்ளதைச் சொன்னாள். மழைக்காலத்தில் குளியலறைக்குள் பாம்பு வரும். பலா வேர் போய்க் கழிவுத் தொட்டியை இரண்டு முறை பிளந்துவிட்டது. காய்க்கிற காலத்தில் குரங்கு கூரை ஓடு ஒன்றையும் விட்டுவைக்காது. கொல்லையில் வெயிலே விழாது, காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும். ஒரு கிளையை வெட்டக்கூட அவர் விட்டதில்லை.

இருவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அருணாவின் கண் கலங்கியது. வெளியே போய்த் துரைக்கண்ணுவிடம், "பாவம், அம்மாவுக்குக் குடுக்க மனசே இல்ல. எங்கள விரட்டப் பாக்குறாங்க" என்றாள். அன்று மாலையே அவர்கள் விலையை உயர்த்தினார்கள்.

துரைக்கண்ணு துள்ளிக்கொண்டு வந்தான். "அழுவறதவிட இது நல்லா வேல செய்யுதும்மா. அடுத்த வாட்டி இன்னும் ரெண்டு பாம்பு சேத்துக்கங்க."

பேச்சை முடிக்க இருவரும் மறுபடி வந்தபோது இனிப்புப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். இனியவன் மாமரத்தடியில் நின்றான். தாண்டவராயன் கைத்தடியோடு நிற்கிற அதே இடம். "ஒரு விஷயம் யோசிச்சோம்மா. நாங்க சனி ஞாயிறுதான் வருவோம். நீங்க எதுக்கு வேற எடம் தேடி அலையணும்? பின்னாடி ரூம் சும்மாதான இருக்கு, அதுல இருங்க. வாடகை வேண்டாம். தோட்டத்தப் பாத்துக்கிட்டா போதும். உங்க பிள்ள மாதிரி நெனச்சுச் சொல்றேன்."

தையல்நாயகி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அளவாகக் கத்தரித்து ஒதுக்கிய தாடி, மண் ஒட்டாத வெள்ளைச் செருப்பு. நல்லது செய்கிறோம் என்ற நிறைவு முகம் முழுக்க வழிந்தது. அந்த நிறைவை அவளுக்குத் தெரியும். ஆயுசு பூராவும் அதற்குத்தான் சோறு போட்டிருந்தாள்.

"பெருக்கறதுக்கு என்ன சம்பளம் தம்பி?"

அவன் தடுமாறினான். "சம்பளம்னு இல்லம்மா. உங்களுக்கு இஷ்டமான வேலைன்னு..."

"இஷ்டம்னு யாரு சொன்னது?"

தையல்நாயகி இனிப்புப் பெட்டியை எடுத்து அருணாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "வெயில் ஏறிக்கினு போவுது. கிளம்புங்க" என்றாள்.

அன்றே துரைக்கண்ணு பெங்களூரில் இருக்கும் அவள் மகள் கலைப்பிரியாவுக்குச் சொல்லிவிட்டான். மகள் போனில் அழுதாள். "அப்பாவோட உயிரே அந்தத் தோட்டம்தான்மா. அவங்க எவ்ளோ ஆசையா வாங்க வர்றாங்க. நீயும் அங்கயே இருக்கலாம்ல."

"உனக்கு அவ்ளோ ஆசைன்னா நீ வந்து இரு. உன் பேருக்கே எழுதி வெக்கறேன்."

"எனக்கு ஆபீஸ் இருக்கேம்மா" என்றாள் கலைப்பிரியா. அழுகை அதற்குள் நின்றுபோயிருந்தது.

லூர்துநாதன் வந்தது அதற்கப்புறம். விக்கிரவாண்டிப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல், நாற்காலி, அண்டா குண்டா வாடகைக்கு விடுகிறவர். சாமான்களைப் போட்டுவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். மரங்களைப் பார்க்கவே இல்லை. காலால் நடந்து அளந்தார். லாரி திரும்புமா என்று கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லிப்புடறேன்மா. வாங்கனா மரத்தயெல்லாம் எடுத்துடுவேன். ஷெட்டு போடணும். உங்களுக்கு மனசு சங்கடப்படும்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அந்தத் தோட்டத்துக்குள் வந்தவர்களில் பொய் பேசாத முதல் ஆள் அவர் என்று தையல்நாயகிக்குப் பட்டது.

"எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

சென்னைக்காரர்கள் சொன்னதைவிட அவர் விலை குறைவுதான். துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். பேஜாரான அம்மா, கைக்கு வந்த லட்சுமியை எட்டி உதைக்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னான். பத்திரப்பதிவு முடிந்தது. சங்கத்துக்காரர்கள் சாலையில் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டதில்லை.

அவள் விழுப்புரத்துக்கு வந்து இரண்டாம் மாடியில் குடியேறிய பிறகு லூர்துநாதன் போன் செய்தார். மரம் வெட்ட ஆட்கள் வந்திருக்கிறார்கள், பார்க்க வேண்டுமானால் வரலாம் என்றார். பஸ் பிடித்துப் போனாள். அவர் மனைவி செபஸ்தியம்மாள் பந்தல் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டு டீ கொடுத்தாள்.

அறுவை எந்திரம் மாமரத்தின் அடியில் இறங்கியது. தையல்நாயகி வருத்தம் வருமென்று காத்திருந்தாள். எல்லோரும் வரும் என்றுதானே சொன்னார்கள். மரம் சாய்ந்து விழுந்தது, புழுதி அடங்கியது. கொல்லைப்புறம் முழுவதும் வெயில் பாய்ந்து சமையலறைக்குள் போய் விழுந்தது. சுவரெல்லாம் பாசி. பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைத்த அறை. இவ்வளவு சின்ன அறையிலா இத்தனை வருஷமும் நின்றோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் கைத்தடியோடு வெளியே நின்று மரத்துக்குப் பேர் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் இந்த இருட்டுக்குள் இருந்திருக்கிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாதீங்கம்மா," என்று செபஸ்தியம்மாள் தோளைத் தொட்டாள். "வச்சி வளத்தவங்களுக்குத்தான தெரியும்."

"ஆமா, நான்தான் வச்சன்," என்றாள் தையல்நாயகி. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மீதி மரங்கள் விழுகிறவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஆடி மாதத்தில் சங்கச் செயலாளர் போன் செய்தார். கோபத்தை மறந்துவிட்டாராம். தாண்டவராயன் நினைவாக மயிலம் சாலையோரம் மரக்கன்று நடுகிறார்களாம், முதல் கன்றை அம்மா கையால் நட வேண்டுமாம். போட்டோ உண்டு, பொன்னாடை உண்டு.

"நட்டப்புறம் யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா."

"யாருன்னு முடிவு பண்ணிட்டு அவங்க கையாலயே நடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அடுப்பில் கேப்பைக்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள்.