சந்தைமுக்கில் ரெஜிலாவின் ஆட்டோ

ரெஜிலாவுக்கு முப்பத்தெட்டாவது வயதில்தான் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. அதுவரை பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டினாள். மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும்; வீட்டில் அடுப்பும் பாதி நின்றுவிடும். இனி மழையை நம்பிப் பிழைக்க முடியாதென்று, இருந்த பத்து சென்ட் நிலத்தில் நாலு சென்ட்டை விற்று ஆட்டோ வாங்கினாள். பெர்மிட்டும் முறையாக எடுத்தாள். முதல் நாள் காலையில் வண்டியைச் சந்தைமுக்கு ஸ்டாண்டில் கொண்டு நிறுத்தினாள்.

ஸ்டாண்டின் செயலாளர் ராஜையன் தன் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து அவள் வண்டியைத் தட்டினார்.

“பிள்ளே, இஞ்ச இடமில்ல. பதினெட்டு வண்டிதான்.”

“அது ஆரு வச்ச சட்டம் அண்ணே?”

“நாங்க வச்சதுதான். ஆராவது வண்டிய விட்டுட்டுப் போனா, அந்த நம்பர விலைக்கு வாங்கிட்டு வா.”

ரெஜிலா சண்டை போடவில்லை. அந்தப் பதினெட்டு வண்டிகளும் ஏறாத மலைப்பாதைக்குத் தன் வண்டியைத் திருப்பினாள். பால் வெட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிகள், நல்லமிளகு மூட்டைகள் என்று அங்கே சவாரி கிடைத்தது. ஆனால் சந்தைமுக்கில் ஆளேற்ற விடாததால், அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் காலி வண்டிதான். ஒருநாள் கொட்டும் மழையில், காய்ச்சலடித்த பிள்ளையோடு ஒருத்தி சந்தைமுக்கில் கை காட்டினாள். ரெஜிலா நிறுத்துமுன் இன்னொரு ஆட்டோ குறுக்கே வந்து மறித்தது. ‘ஸ்டாண்டு ஆளு நாங்க’ என்றான் அதை ஓட்டியவன்.

மறுநாள் அவள் வார்டு மெம்பரைப் போய்ப் பார்த்தாள்.

“பெண்களுக்குன்னு தனிச் சலுகை கேட்டு மனு எழுதுவோம்” என்றார் அவர்.

“சலுகை வேண்டாம் மெம்பரே. ரோடு எல்லாருக்கும் பொதுன்னு தீர்மானம் போட்டாப் போதும்.”

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராமசபையில் அவள் மைக்கைப் பிடித்தாள்.

“ஆருக்க சோத்தையும் பறிக்க நான் வரல்ல. எனக்கு ஓசியாவும் ஒண்ணும் தர வேண்டாம். வழிய மறிக்காம இருங்க, நான் பிழைச்சுக்கிடுவேன்.”

ராஜையன் எழுந்தார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது.

“புதுசா பத்து வண்டி வந்தா எங்க வீட்டுல எப்படி உல வைக்கது? எனக்க மோளு காலேஜுல படிக்கா.”

அவர் சொன்னதும் நியாயம்தானே என்று ரெஜிலாவுக்குத் தோன்றியது. அப்போது அவளோடு பால் வெட்டிய குளோரி கூட்டத்திலிருந்து கேட்டாள்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு மேல முக்குல ஒரு வண்டி கிடைக்குமா அண்ணே? கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான நாங்க நடந்து போறோம்? நடக்கியவ எல்லாம் ஏறுனா உங்களுக்கும் சவாரிதான?”

பெண்கள் பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. பெர்மிட் உள்ள யாரும் வந்த வரிசைப்படி நிற்கலாம், மலைச் சவாரியை யாரும் மறுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

ரெஜிலாவோடு இன்னும் நாலு வண்டிகள் வந்து சேர்ந்தன. முதல் இரண்டு மாதம் எல்லோருக்கும் ஓட்டம் குறைந்தது. ராஜையன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, எந்நேரமும் வண்டி நிற்கும் என்று ஊருக்குத் தெரிந்ததும் நடந்தவர்கள் ஏறத் தொடங்கினார்கள். அந்திச் சவாரி பெருகியது.

பழைய காலம்தான் நல்லது என்று ராஜையன் இப்போதும் சொல்வார். ஆனால் போன வாரம், அவருக்கு முதன்முறையாக மலைச் சவாரி கிடைத்தபோது, ரெஜிலாவின் வண்டிப் பக்கம் வந்து நின்றார்.

“பிள்ளே, அந்த ரெண்டாவது வளைவுல எந்தக் கியருல ஏறுவ?”

“ஃபர்ஸ்ட்ல போங்க அண்ணே. இடது பக்கமா ஒதுக்கிப் பிடியுங்க, வலது ஓரம் இடிஞ்சு கிடக்கு.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ரெஜிலா வண்டியை வரிசையில் ஓரிடம் முன்னால் நகர்த்தினாள்.