நாரை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் நடுவில், என் கணவரின் வேலைக்காகக் கொடுத்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். மற்றவர்கள் லீவு கிடைத்தால் கடற்கரைக்கோ கேமரன் மலைக்கோ போவார்கள். என் கணவர் பறவை பார்க்கப் போவார். கூட நானும் போக வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கிய பைனாகுலர் ஒன்று வைத்திருந்தார். அதை என்னைத் தொடவிட மாட்டார்.

ஒரு நாள் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. பால் வெள்ளை நாரை நாட்டில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றனவாம், கிள்ளான் பக்கத்துச் சேற்றுக் கரைகளில் ஒன்றைப் பார்த்தார்களாம். கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "போர்ட் கிள்ளான்ல நம்ம ஆளு ஒருத்தர் மீன்புடி போட்டு ஒண்ணு வச்சிருக்காரு" என்றார்.

அந்தப் படகுக்காரர் துறைமுகக் கிடங்கில் வேலை செய்பவர். ஓய்வு நாளில் மீன் பிடிப்பார். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் கிளம்பினோம்.

படகு, சேற்றில் வேரூன்றும் பாக்காவ் மரங்கள் அடர்ந்த ஒரு தீவைச் சுற்றிப் போய் நின்றபோது நீர் நன்றாக வற்றியிருந்தது. சாம்பல் நிறச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம்வரை பளபளத்தது. தூரத்தில் வெள்ளையாகச் சில பறவைகள் நின்றன.

"இங்கேருந்து கொக்கா நாரையான்னே தெரியல. கொஞ்சம் இறங்கிப் பாக்கறேன்" என்றார் கணவர்.

"வேணாம்ணே. பாக்கத்தான் கெட்டியா இருக்கும், கால வச்சா இழுத்துரும்லா" என்றார் படகுக்காரர்.

இவர் கேட்கவில்லை. பத்து அடி நடந்திருப்பார், முழங்கால்வரை இறங்கியது. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒரு காலை இழுத்தார், மற்றது தொடைவரை போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அசையாதீங்கண்ணே" என்று படகுக்காரர் சத்தம் போட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சேற்றின் ஓரத்தில் நுரை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஏத்தம் ஆரம்பிச்சிருச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படகின் தரைப்பலகைகள் இரண்டைப் பெயர்த்தார். நீளமான கம்பைச் சேற்றில் குத்தி என் கையில் கொடுத்தார். "அக்கா, இத விட்டுறாதீங்க. போட்டு தண்ணில போயிருச்சின்னா நாங்க ரெண்டு பேரும் இங்கதான்."

எனக்கு நீச்சல் தெரியாது. படகு லேசாக எழும்பி ஆடத் தொடங்கியது. கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். படகுக்காரர் பலகைமேல் குப்புறப் படுத்து நகர்ந்து போனார். என் கணவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பரவாயில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இவர் போய்விட்டால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்களே, பிள்ளையோடு எங்கே போவேன் என்றுதான் நினைத்தேன். அவருக்காக அழவில்லை, வீட்டுக்காகப் பயந்தேன்.

அப்போதுதான் அது வந்து இறங்கியது. கணவரின் முதுகுக்குப் பின்னால், நாலைந்து படகு நீளத்தில். உயரமான வெள்ளைப் பறவை, சிறகோரம் கறுப்பு. அவரை விழுங்கிக்கொண்டிருந்த அதே சேற்றில் அவசரமில்லாமல் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை.

"நிக்காதீங்கண்ணே, படுங்க. பலகைமேல நெஞ்ச வைங்க. ஒரு கால் மட்டும், மெதுவா" என்று படகுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது ஒரு கால் வந்தது. மற்றது வர இன்னும் நேரமாயிற்று. இருவரும் நீந்துவதும் தவழ்வதுமாக வந்து படகின் விளிம்பைப் பிடித்தபோது என் விரல்கள் கம்பைவிட்டுப் பிரியவில்லை. படகுக்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

காலில் போட்டிருந்த சப்பாத்து, பைனாகுலர், இடுப்புப் பட்டை எல்லாம் சேற்றோடு போயின. படகுக்காரரின் கைலியைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்த கணவர், கரை தெரிந்த பிறகுதான் பேசினார்.

"பின்னால ஏதோ எறங்குன சத்தம் கேட்டுச்சி. பாத்தியா?"

"பாத்தேன்."

"அலகு மஞ்சளா? மூஞ்சி செவப்பா?"

"தெரியலங்க. நான் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

 அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். படகுக்காரர் எஞ்சினைக் குனிந்து பார்ப்பதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டினார்.

பஸ்ஸில் எங்கள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவு நாற்றம். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அவருடைய மணிக்கட்டை நான் விடவில்லை. "வலிக்குது" என்றார் ஒரு தடவை. அப்போதும் விடவில்லை.