சீல் உடையாத சங்கு

போனை எடுத்ததும் அந்தப் பெண் என் கடைப் பெயரைச் சொல்லி, "அது நீங்கதானுங்களா?" என்று கேட்டாள். புது ஆர்டர் என்ற நினைப்பில் குரலில் கொஞ்சம் தேனைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்றேன்.

"உங்க சங்குல பால் குடுத்துத்தானுங்க எம் பாப்பா ஆஸ்பத்திரியில கெடக்குது" என்றாள்.

காலை பதினோரு மணி இருக்கும். என் மடியில் பாதி தேய்த்த சங்கு ஒன்று இருந்தது, கையில் உப்புத்தாள். அவள் சொன்னது காதில் விழுந்த பிறகும் என் கை தன்பாட்டுக்கு இரண்டு மூன்று முறை தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் நின்றது.

நான் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே பால் சங்கு விற்கிறேன். கைக்குழந்தைக்குப் பாலும் மருந்தும் புகட்டுகிற சின்னச் சங்கு. சங்கு வியாபாரி அண்ணாச்சி ஒருவரின் குடோனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பேன். என்னைப் பார்த்தாலே அவருக்குத் தலைவலி வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவைத்து, கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, பிள்ளையின் உதட்டில் கீறாதபடி விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பேன். முடித்ததும் என் கீழுதட்டில் ஓட்டிப் பார்ப்பேன். உறுத்தினால் மறுபடியும் தேய்ப்பேன். எனக்குப் பொறுமை இருப்பது இந்த ஒரு வேலையில் மட்டும்தான். வேறு எதிலும் கிடையாது என்பதற்கு வீட்டில் எல்லோரும் சாட்சி சொல்வார்கள்.

அந்தப் பொறுமையின்மையில்தான் இந்தக் கதையே தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன், மொட்டைமாடியில் கறுப்புத் துணி விரித்து, காலை வெயிலில் நான் எடுத்த படங்களை யாரோ ஒருவர் தன் இணையப் பக்கத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். சங்கைப் பிடித்திருந்த கை என்னுடையது. கட்டைவிரலில் குக்கர் சுட்ட தழும்புகூட அப்படியே இருந்தது. என் கையை என்னிடமே விற்கிறாயா என்று அந்தப் பக்கத்தில் போய்ப் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினேன். அவர் ஒரு பதிலும் சொல்லாமல் என்னை பிளாக் செய்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறார். பரபரப்பு என்பதே தெரியாத மனிதர். கடையில் வாங்கி வந்த புரோட்டாவைப் பிய்த்தபடி சொன்னார்:

"ஏளா, ஊரக் கூட்டிச் சண்ட போட்டு என்ன ஆவப்போவுது? ஹார்பர்ல எம்புட்டுப் பெட்டி வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தனா காவலுக்கு நிக்கான்? கதவுல ஒரு சீலு, அம்புட்டுதான். சீலு உடையாம இருந்தா உள்ள சரக்கு பத்திரம். ஒம் படத்துக்கும் ஒரு சீலப் போடு."

அவருடைய இருபது வருஷத்து நம்பிக்கை அது. கண்டெய்னர் கதவில் ஒரு விரல் நீள இரும்புச் சீல். அதிலிருக்கும் எண் காகிதத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தலையை நீட்டிப் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பிவிடுவார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் சாப்பிடுவது அந்த நம்பிக்கையில்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

போனிலேயே வாட்டர்மார்க் போடப் படித்துக்கொண்டேன். முதலில் மூலையில் போட்டேன். மூலையை வெட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்ற, சங்கின் நடு வயிற்றில் கடைப் பெயர், அதன் கீழே தூத்துக்குடி, பக்கத்தில் சின்னதாக ஒரு கப்பல் என்று மங்கலான வெள்ளையில் போட்டேன். காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு வாடிக்கைக்காரி உண்டு, நாக்கு நீளமானவள். "அக்கா, நீங்க விக்கது சங்கா, கடை போர்டா?" என்று கேட்டாள். கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். படத் திருட்டு அதோடு நின்றுபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்: "எங்கள் பெயர் இருந்தால்தான் அசல். பெயரைப் பார்த்து வாங்குங்கள்."

இப்போது, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பேசிய அந்தப் பெண் அழுகைக்கு நடுவே அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"பேரப் பாத்து வாங்குங்கன்னு நீங்கதானுங்களே போட்டிருந்தீங்க. படத்துல பேரு இருந்துதுங்க. கப்பலு கூட இருந்துதுங்க. நான் பாத்துத்தானுங்க வாங்குனேன்."

நான் செய்த முதல் காரியம் அவளிடம் கத்தியது. நான் ஈரோட்டுக்குப் பார்சலே அனுப்பவில்லை, யாரிடமோ வாங்கிவிட்டு என்னிடம் வந்து பழி போடாதே என்றேன். மூன்று மாதக் குழந்தையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு நிற்கிறவளிடம் பேசுகிற பேச்சா அது? அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அவள் திருப்பிக் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னாள். ஒரு பக்கத்தைப் பார்த்து, அதிலிருந்த எண்ணுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறாள். சங்கு வந்திருக்கிறது. நான்கு நாள் அதில் பால் புகட்டியிருக்கிறாள். குழந்தை கக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, வாயெல்லாம் புண். டாக்டர் எதில் பால் கொடுக்கிறாய் என்று கேட்டபோதுதான் சங்கின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். பளபளப்பு போய் மாவு மாதிரி உதிர்ந்திருந்தது. விற்றவனைக் கூப்பிட்டால் அவன் இவளை பிளாக் செய்துவிட்டான். அப்புறம் படத்தில் இருந்த பெயரை வைத்துத் தேடி என் எண்ணைப் பிடித்திருக்கிறாள்.

"சங்கு கையில இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

எங்கள் பக்கத்தில் சங்கில் சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்போம். அசல் சங்கு சில்லென்று வழுக்கும். பிளாஸ்டர் மாவில் வார்த்த போலி என்றால் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சொல்லி, உள்பக்கம் உதிர்ந்த இடத்தில் நாக்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அது என்ன விஷமோ என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. அந்தச் சங்கு என்னுடையது இல்லை என்று நிரூபித்தாக வேண்டும், அப்போது என் மண்டைக்குள் அது ஒன்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"ஒட்டுதுங்க" என்றாள். "நாக்குல ஒட்டுதுங்க அக்கா. இதுலயா நான் எம் பிள்ளைக்குப் பால் குடுத்தேன்?"

என்னுடையது இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் அந்த நிம்மதி ஒரு துளி கூட வரவில்லை.

அவள் அனுப்பிய லிங்கைத் திறந்தேன். என் மொட்டைமாடி, என் கறுப்புத் துணி, என் கட்டைவிரல் தழும்பு. சங்கின் நடு வயிற்றில் என் பெயர், கப்பலோடு. ஒரு எழுத்துகூட அழிக்கப்படவில்லை. திருடுகிறவன் பெயரை அழிக்கத்தான் பாடுபடுவான் என்று நினைத்திருந்தேன். இவனுக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது. நான் கொட்டை எழுத்தில் எழுதிய வாசகத்தையும் அப்படியே போட்டிருந்தான். கீழே அவன் எண், என் விலையில் பாதி. அதற்கும் கீழே வரிசையாகத் தாய்மார்கள்: எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். சட்டைகூட மாற்றவில்லை.

"சீலு உடையல" என்றார். பிறகு மெதுவாக, "சரக்குதாம்ளா மாறிட்டு" என்றார்.

இருபது வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அந்தப் பக்கத்தில் சங்கு கேட்டிருந்தவர்கள் பெயர்களின் கீழே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்: சங்கை நாக்கில் வைக்காதீர்கள், கீறிப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சிலர் நன்றி சொன்னார்கள். போட்டியில் பொறாமைப்படுகிறாள் என்று சிலர் என்னையே ஏசினார்கள். சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். அந்தப் பக்கம் இருந்த தளத்தின் நிறுவனத்துக்கு எழுதினால், படத்தில் உங்கள் பெயர் தெளிவாகத்தானே இருக்கிறது என்ற பாவனையில் ஒரு பதில் வந்தது. அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. பத்து நாளில் அந்தப் பக்கம் காணாமல் போனது. வேறு பெயரில் வராது என்று யார் சொல்ல முடியும்?

என் பக்கத்தின் உச்சியில் இருந்த வாசகத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன். வாட்டர்மார்க்கையும் எடுத்துவிட்டேன். இப்போது ஆர்டர் வந்த பிறகுதான் படம் எடுக்கிறேன். அனுப்பப்போகிற அதே சங்கு, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம், அதில் என் கையெழுத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் அன்றைய தேதியும். அந்தப் படம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் உதவும். ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்க நேரம் பிடிக்கிறது. வியாபாரம் பாதியாகிவிட்டது.

அப்படி எடுத்த முதல் படம் ஈரோட்டுக்குப் போனது. குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அவள் சொன்ன அன்று, இருந்ததிலேயே நல்ல சங்காகப் பொறுக்கி, என் உதட்டில் ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். விலை எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

பார்சல் போய்ச் சேர்ந்து நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் குழந்தை ஙா ஙா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, நல்ல தெம்பான குரல்.

"சங்கு வந்துருச்சுங்க அக்கா. நாக்குல வச்சுப் பாத்தேனுங்க, ஒட்டலைங்க. சில்லுன்னு இருந்துது. தெனமும் ஒருக்கா எடுத்து வச்சுப் பாக்கறேனுங்க. ஒரு நாளும் ஒட்டலைங்க." கடைசியாகச் சொன்னாள்: "ஆனா பாப்பா வாய்க்கிட்டக் கொண்டுபோக மட்டும் இன்னும் எனக்குக் கை வரலைங்க."