மாடியிலிருந்து இறங்கி வந்தோம்

நம் தெரு அன்பியச் செபக் குழுவில் என்னோடு செபிக்கும் சகோதர சகோதரிகளே, போன வருடம் தவக்காலத்தில் என் கணவர் அந்தோணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

எங்கள் வாடகை வீடு மயிலாப்பூரில், இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மருத்துவமனையிலிருந்து அவரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அதோடு சரி. அதன்பிறகு அவர் தெருவையே பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ள வந்த ஆட்களும் நிலைக்கவில்லை. நானே அவரைப் புரட்டிக் குளிப்பாட்டியதில் என் முதுகு பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வேலைக்குச் சரியாகப் போக முடியவில்லை.

பாலவாக்கத்தில் நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான இடம்தான். அவரிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். செபிக்க வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, என்னால முடியல. ஒரு வழி காட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

கீழ்த்தளத்தில் இருந்தது தி.நகரில் துணிக்கடை நடத்தும் திருநெல்வேலிக் குடும்பம். மறுநாள் படியில் என் வீங்கிய கண்ணைப் பார்த்து, அந்த வீட்டுச் செல்வி என்னவென்று கேட்டார். சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரும் கணவர் முருகேசன் அண்ணாச்சியும் மேலே வந்தார்கள்.

"சாரை எங்கியோ சேக்கப் போறியளாமே டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"வேற வழி தெரியல அண்ணாச்சி."

"நீங்க கீழ வந்துருங்க. நாங்க மேல வந்துருதோம். வீட்டுக்காரர்ட்ட பேசியாச்சு."

வீட்டையே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். "உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றேன்.

செல்வி சிரித்தார். "எங்களுக்குக் கால் நல்லாத்தான இருக்கு? மேல காத்தும் வரும்."

என் கணவர் இடது கையால் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

அடுத்த வாரமே வீடு மாறினோம். அன்பியத்திலிருந்து நீங்கள் வந்து வாசலில் சாய்தளம் போட்டீர்கள், குளியலறையில் கைப்பிடி பொருத்தினீர்கள். நான் பள்ளியில் இருக்கும்போது உங்களில் யாராவது ஒருவர் அவரோடு உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் வாக்கரைப் பிடித்து கேட் வரை நடக்கிறார். கீரைக்கார அம்மாவிடம் பேரம் பேசுவது அவர்தான். பேச்சு குழறும்போது அந்த அம்மா சிரித்தால் அவரும் சிரிக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு வீல்சேரில் போகிறோம்.

எனக்குள்ளும் ஒன்று மாறியது. சனிக்கிழமைகளில் மந்தைவெளியில் ஒரு வீட்டுக்குப் போகிறேன். அங்கே படுக்கையில் இருக்கும் ஒரு பெண்ணை நான் பார்த்துக்கொள்ள, அவள் தாய் வெளியே போய்வருகிறார். முதல் நாள், "எங்க போறதுன்னே தெரியலம்மா" என்று வாசலிலேயே நின்றார். "பீச்சுக்குப் போய்ட்டு வாங்க" என்றேன். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். எங்களிடமும் சொல்லுங்கள், வருகிறோம். என் கணவரும் வருவதாகச் சொல்கிறார், உங்கள் வீடு கீழ்த்தளத்தில் இருந்தால்.