கப்ளிங் கழற்றியவர்

துடியலூரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்த நஞ்சுண்டனுக்கு ஒரு பெருமை உண்டு. ஓடும் பம்புசெட் அதிர்ந்தால், அந்த ஆட்டம் மோட்டாரிலிருந்து வருகிறதா, பம்பிலிருந்து வருகிறதா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை மட்டும் தனியே ஓடவிடுவார். ஆட்டம் நின்றால் கோளாறு பம்பில். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. பெருமை நியாயமானதுதான்; அதைப் பட்டறையோடு விட்டிருக்கலாம்.

மனைவி நாச்சியம்மாளுக்கு ஆறு வருடமாக நடுக்குவாதம். டாக்டர் அதைப் பார்க்கின்சன் என்றார். மாத்திரை வந்த பிறகு விறைத்துக் கிடந்த கைகள் இளகின. சோறு பிசைந்து தானே சாப்பிட்டாள். 1996 சித்திரையில்தான் புதுத் தொல்லை. கழுத்து நெளிந்தது, தோள் முறுக்கியது, உட்கார்ந்த இடத்தில் கால் தானாகத் துள்ளியது. சீக்கு முற்றிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். நஞ்சுண்டன் நம்பவில்லை. ஒரு வாரம் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து பார்த்தார். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் நெளிவு தொடங்கியது. அடுத்த வேளை நெருங்கும்போது அது அடங்கி, பழைய விறைப்பு வந்தது.

"இது சீக்கில்லை அம்மணி, மாத்திரை பண்ற வேலை. நிறுத்திப்போட்டுப் பார்க்கலாம்."

"டாக்டரைக் கேட்டுப்போட்டு நிறுத்துங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அவரு அடுத்த மாசந்தானே வரச் சொன்னாரு? நான் பார்க்காத ஆட்டமா?"

முதல் நாள் நெளிவு நின்றது. பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாள் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கித்தான் எழுப்ப முடிந்தது. மருந்து உடம்பைவிட்டு இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாள் பேச்சு நின்றது. நான்காம் நாள் காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. வாயில் விட்ட தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அப்போதுதான் வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் அவள் கையை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. நெளிவைப் பற்றியும் மாத்திரையை நிறுத்தியதைப் பற்றியும் கேட்டுக்கொண்டார்.

"அது மாத்திரையாலதாங்க. நீங்க பார்த்தது சரி. எங்கிட்ட வந்திருந்தாக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சிருப்பேன். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரை எப்பக் குடுத்தீங்க?"

"நேத்துக் காலைலீங்க" என்றார் நஞ்சுண்டன். வெட்கம் சொல்லவைத்த பொய்.

நாச்சியம்மாளின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் மெல்லத் திரும்பி அவர்மேல் நின்றது.

"நாலு நாளாச்சுங்க டாக்டர்" என்றார் நஞ்சுண்டன்.

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டபடி வெளியே ஓடினார்.